மணலும் மனையும்

திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்லும் ஃபிலோக்ஸெரா என்னும் பூச்சி 1860களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்தது. பிரான்சில் தொடங்கி ஸ்பெயின், இத்தாலி, போர்த்துக்கல் என்று அடுத்த நாற்பது ஆண்டுகளில் அது காலடி வைக்காத ஒயின் நாடு அரிது. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட தோட்டங்களை விவசாயிகள் தாங்களே வேரோடு பிடுங்கி எரித்தார்கள். அந்த அழிவுக்கு நடுவிலும் ஒரு சிறு வட்டாரம் சேதமில்லாமல் நின்றது. லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே கிடக்கும் கொலாரிஷ். அங்கே கொடிகள் நின்றது கடற்கரை மணலில். மணலுக்குள் அந்தப் பூச்சியால் நடமாட முடியவில்லை.

கொலாரிஷைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த அதிசயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால், கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேரில் பரந்திருந்த தோட்டங்கள் இன்று சில பத்து ஹெக்டேராகச் சுருங்கிவிட்டன. பூச்சி விட்டுவைத்ததை யார் தின்றார்கள்? அந்த ஊரின் வரலாற்றில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

முதலில் நிலம். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி என்று சொல்லப்படும் காபு த ரோகா முனை கொலாரிஷுக்கு மிக அருகில் இருக்கிறது. கடலிலிருந்து எழும் ஈரக்காற்று சிந்த்ரா மலையில் மோதி மேகமாகிறது. லிஸ்பனில் வெயில் கொளுத்தும் ஆகஸ்டு நாளில்கூட இந்தச் சரிவில் மூடுபனி இறங்கியிருக்கும். கோடை முழுக்க வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். போர்த்துக்கேயர் அதை நொர்த்தாதா என்கிறார்கள். ஓயாமல் அடிக்கும் காற்று. உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். பழம் முற்ற வெயில் வேண்டும், ஆனால் இங்கே வெயிலும் முழுசாகக் கிடைப்பதில்லை. திராட்சைக்கு ஏற்ற இடம் என்று யாரும் முதல் பார்வையில் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இங்கே கொடி வளர்ந்த சான்று இடைக்காலம்வரை பின்னோக்கிப் போகிறது.

உள்ளூர்க்காரர்கள் தங்கள் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று மணல் நிலம், மற்றொன்று கெட்டி நிலம். மலையடிவாரத்துக் கெட்டி நிலத்தில் மற்ற ஊர்களில் நடுவதைப் போலவே ஒட்டுக்கட்டிய கொடிகளை நடலாம். அதில் வரும் ஒயினுக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. கொலாரிஷ் என்ற பெயரைச் சீசாவில் போட உரிமை தருவது மணல் நிலம் மட்டுமே. சிவப்பு ஒயினில் குறைந்தது 80 சதவீதம் ராமிஷ்கு என்ற ரகமும், வெள்ளை ஒயினில் 80 சதவீதம் கொலாரிஷ் மால்வசியா என்ற ரகமும் இருக்கவேண்டும். மால்வசியா என்ற பெயரில் மத்தியதரைக் கடல் நெடுகிலும் பல ரகங்கள் உண்டு. இதற்கு அவற்றோடு பெயரளவில்தான் உறவு. ராமிஷ்குவையோ இந்தக் கரைக்கு வெளியே பார்ப்பதே அபூர்வம்.

மணலில் கொடி நடுவது என்றால் மணலில் குச்சியை ஊன்றுவது அல்ல. வெறும் மணல் தண்ணீரைத் தாங்காது, சத்தும் கிடையாது. அதற்கு அடியில் களிமண் படுகை இருக்கிறது. சில இடங்களில் ஒரு மீட்டர் தோண்டினால் அது தட்டுப்படும், சில இடங்களில் நான்கைந்து மீட்டரோ அதற்கு மேலோ போகவேண்டும். கொடியின் வேர் அந்தக் களியில் இருக்கவேண்டும், உடல் மணலுக்குள் இருக்கவேண்டும், தலை வெளியே இருக்கவேண்டும். இதற்காக நீளமான பள்ளம் வெட்டி, அடியில் களியைக் கிளறி, தண்டுக்குச்சியை அதில் பதிப்பார்கள். பள்ளத்தை உடனே மூடுவதில்லை. குச்சி துளிர்த்து மேலே வர வர, ஆண்டுக்குக் கொஞ்சமாக மணலைத் திரும்பத் தள்ளுவார்கள். கொடி பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு தரைமட்டத்துக்கு ஏறி வரும். அதற்குள் அதன் உடலில் பெரும்பகுதி மணலுக்குள் புதைந்துபோயிருக்கும்.

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும், தோண்டத் தோண்டப் பக்கச்சுவர் சரிந்துகொண்டே வரும். இங்கே ஆள் மூழ்கும் ஆழத்துக்குப் போகவேண்டும். பள்ளத்தில் இறங்குகிறவர்கள், மேலே மணல் சரிந்தால் ஆள் வந்து தோண்டி எடுக்கும்வரை மூச்சுவிடக் கொஞ்சம் காற்று மிஞ்சட்டும் என்று தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்று சொல்வதுண்டு. கொலாரிஷைப் பற்றிய எந்தக் கட்டுரையும் இந்தக் கூடையைத் தாண்டிப் போவதில்லை. கேட்பதற்குச் சுவையான செய்திதான். ஆனால் அந்தக் கூடைக்குள் இருந்த தலை யாருடையது, அதற்கு என்ன கூலி என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் எழுவதில்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கு அந்தக் கேள்வியில்தான் விடை இருக்கிறது.

தரைக்கு வந்த கொடியைப் பந்தலில் ஏற்ற முடியாது, காற்று பிய்த்துவிடும். எனவே அது மணலின் மேலேயே படர்ந்து கிடக்கும். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் தண்டிலிருந்து ஒரு கிளையை மணலில் பதியம் போட்டு அடுத்த கொடியை எடுப்பார்கள். தனித்தனிச் செடிகளாகத் தோன்றும் நாலைந்து, அடியில் ஒரே தண்டாக இருப்பதுண்டு. காற்றைத் தடுக்க, காய்ந்த நாணல் தட்டைகளைக் கட்டிய தட்டிகளைச் சில மீட்டருக்கு ஒன்றாக நிறுத்துகிறார்கள். சில தோட்டங்களில் கல்லடுக்கிய மதில்கள். இடையிடையே ஆப்பிள் மரங்களும் உண்டு, அவையும் காற்றுக்குப் பணிந்து குட்டையாகவே நிற்கும். கோடை தொடங்கிக் காய் பருக்கும்போது இன்னொரு வேலை காத்திருக்கிறது. மணல் சுட்டால் அதன்மேல் கிடக்கும் குலை வெந்துவிடும், ஈரம் தங்கினால் அழுகிவிடும். ஒவ்வொரு கிளையையும் தூக்கி அரை மீட்டர் உயர நாணல் குச்சியால் முட்டுக்கொடுக்கிறார்கள். கொடி கொடியாகக் குனிந்து செய்யவேண்டிய வேலை இது. கவாத்து, முட்டுக்கொடுத்தல், தட்டி கட்டுதல், அறுவடை எதற்கும் டிராக்டர் உள்ளே வராது. விளைச்சலும் சொற்பம்.

இந்தப் பாட்டுக்கெல்லாம் பலன் கிடைத்தது ஃபிலோக்ஸெரா வந்த பிறகுதான். அசுவினிக்கு நெருங்கிய உறவான இந்தப் பூச்சி கண்ணுக்கு அரிதாகவே தென்படும் அளவுடையது. 1868இல் தெற்கு பிரான்சில் பட்டுப்போன கொடிகளைத் தோண்டிப் பார்த்த குழுவில் இருந்த தாவரவியலாளர் ழூல் எமில் பிளான்ஷோன், செத்த கொடிகளின் வேரில் அதைக் காணவில்லை. இன்னும் உயிரோடிருந்த பக்கத்துக் கொடிகளின் வேரில்தான் கண்டார். சாறு வற்றியதும் பூச்சி அடுத்த வேருக்குப் போய்விடுவதால், அதுவரை செத்ததையே தோண்டியவர்கள் குற்றவாளியைத் தவறவிட்டிருந்தார்கள். பூச்சி கடித்த இடம் புடைத்து, புண்ணாகி, அதில் பூஞ்சை ஏறி வேர் அழுகுகிறது. அதன் தாயகமான வட அமெரிக்காவின் காட்டுக்கொடிகள் இந்தப் புண்ணைத் தக்கைபோன்ற படலத்தால் மூடிக்கொள்ளப் பழகியவை. ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பிரெஞ்சு அரசு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தது. கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. கார்பன் டைசல்பைடை மண்ணுக்குள் ஊசிபோட்டுச் செலுத்தினார்கள். தண்ணீர் வசதி இருந்த இடங்களில் குளிர்காலத்தில் தோட்டத்தை வாரக்கணக்கில் நீரில் மூழ்கடித்தார்கள். மூன்றாவது வழி மணல். பூச்சி ஒரு வேரிலிருந்து மறு வேருக்குப் போவது மண்ணின் வெடிப்புகள், இடுக்குகள் வழியாக. களிமண் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு அதற்குச் சாலை. மணலில் வெடிப்பு விழாது. விழும் இடைவெளியும் உடனே சரிந்து மூடிக்கொள்ளும். இதைக் கண்டுகொண்டதும் தெற்கு பிரான்சின் எக்மோர்த் கரையில் உப்பளக் கம்பெனி ஒன்றே திராட்சை நட இறங்கியது. ஹங்கேரியின் சமவெளி மணலிலும் புதுத் தோட்டங்கள் முளைத்தன. அதுவரை ஆடுகூட மேயாத மணலுக்கு விலை ஏறியது. கடைசியில் வென்றது நான்காவது வழி: அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்று உலகின் திராட்சைத் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி இரவல் வேரில் நிற்கின்றன. கொலாரிஷின் மணல் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன.

இதனாலேயே, ஃபிலோக்ஸெராவுக்கு முந்தைய ஐரோப்பாவின் சுவை இங்கே அப்படியே உயிரோடிருக்கிறது என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 1850ஆம் ஆண்டின் ஒயினையும் இன்றையதையும் ஒரே வயதில் அருகருகே வைத்து ருசிக்க யாராலும் முடியாது. தொட்டி மாறிவிட்டது, தூய்மை முறைகள் மாறிவிட்டன, தட்பவெப்பமும் மாறிக்கொண்டிருக்கிறது. சொந்த வேர் என்பது கொடியைப் பற்றிய உண்மை. சுவையைப் பற்றிய நிரூபணம் ஆகாது.

மற்ற இடங்களில் ஒயினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கொலாரிஷுக்குக் கிராக்கி எகிறியது. லிஸ்பன் விருந்து மேசைகளில் இடம்பிடித்தது, பிரேசிலுக்குக் கப்பலேறியது. எசா தெ கெய்ரோஷின் நாவல் பாத்திரங்கள் இதைக் குடிக்கிறார்கள். பெயருக்கு விலை வந்தால் போலி வராமலா இருக்கும்? எங்கிருந்தோ வந்த ஒயின்கள் கொலாரிஷ் என்ற பெயரில் விற்கப்பட்டன. அதைத் தடுக்க 1908இல் அரசு வட்டாரத்தின் எல்லையைச் சட்டமாக வரைந்தது. அரசர் முதலாம் கார்லுஷ் லிஸ்பன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு. மகன் இரண்டாம் மனுவேல் அரியணையில். முடியாட்சிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே ஆயுள். அந்த நெருக்கடியிலும் தாவ், புசேலஷ், கார்க்கவேலுஷ் போன்ற வட்டாரங்களோடு கொலாரிஷுக்கும் எல்லை கிடைத்தது என்பதிலிருந்தே போலி எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்று ஊகிக்கலாம்.

1931இல் விவசாயிகள் அதேகா ரெஜியனால் என்ற கூட்டுறவை அமைத்தார்கள். போர்த்துக்கலின் மூத்த ஒயின் கூட்டுறவுகளில் அது ஒன்று. சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி வேரூன்றியபின் 1930களில் இன்னொரு படி மேலே போனார்கள்: மணல் நிலத் திராட்சை எல்லாம் கூட்டுறவின் ஆலையில்தான் ஒயினாகவேண்டும், வெளியே தயாரித்தால் கொலாரிஷ் என்ற பெயர் கிடையாது. போலி ஒழிந்தது உண்மை. கூடவே போட்டியும் ஒழிந்தது. வணிகர்கள் கூட்டுறவிலிருந்து தயாரான ஒயினை வாங்கித் தங்கள் கிடங்கில் முதிரவைத்துத் தங்கள் முத்திரை ஒட்டினார்கள். 1808இலிருந்து தொழிலில் இருக்கும் வியூவா கோமெஷ் போன்ற பழைய நிறுவனங்களும் இந்த முறைக்குள் அடங்கவேண்டியிருந்தது. யாருடைய தோட்டம் நன்றாக விளைந்தாலும் தொட்டியில் எல்லோருடையதோடும் கலந்துவிடும். நல்ல பழம் விளைவிப்பவனுக்கு அதனால் தனிப்பெயரோ தனி லாபமோ இல்லை. கொலாரிஷின் சரிவைப் பேசுகிறவர்கள் இந்த ஏகபோகத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அதன் பங்கு சிறிதல்ல என்பது என் கணிப்பு. மனையாக விற்றால் இன்றே பணம் என்ற நிலை வந்தபோது, நிலத்தை வைத்துக்கொள்ள விவசாயிக்குப் பிடிமானம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஒயினின் இயல்பும் அவனுக்குச் சாதகமாக இல்லை. ராமிஷ்குவின் பழம் சிறியது, தோல் தடித்தது, முற்றுவது தாமதம். குளிர்ந்த கரை என்பதால் சர்க்கரை அதிகம் ஏறாது. ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். புளிப்பும் துவர்ப்பும் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். புதிதாகக் குடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். சிவப்பு ஒயின் மரத்தில் 18 மாதம், சீசாவில் 6 மாதம் கழித்தே விற்பனைக்கு வரலாம் என்பது விதி. அந்த ஒயினுக்கு அது போதவே போதாது. கூட்டுறவின் ஆலை உயர்ந்த கூரை கொண்ட ஒரே நீண்ட கூடம். இருபுறமும் ஆளைவிட உயரமான பழைய மரத்தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. புதிய ஓக் பீப்பாயில் வைத்தால் ஏறும் வெனிலா மணம் இந்தப் பெருந்தொட்டிகளில் ஏறாது. காற்று மெல்ல மெல்லப் புகுந்து துவர்ப்பை மட்டும் மட்டுப்படுத்தும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கடந்தால் நிறம் வெளுத்து, செர்ரிப் பழமும் பிசினும் கலந்த ஒரு மணம் எழும். 1930களின் சீசாக்கள் இன்றும் திறக்கப்படுகின்றன, குடிக்கும்படியாகவும் இருக்கின்றன.

நாக்கில் ஓர் உப்புக்கரிப்பு தெரிகிறது என்று ருசித்தவர்கள் சொல்வதை ஒதுக்கத் தேவையில்லை. கடல் தூவும் உப்பு இலையிலும் பழத்தோலிலும் படிவது நடக்கக்கூடியதே. ஆனால் மணலின் சுவை, களியின் சுவை என்று நீட்டிப்போவதற்கு ஆதாரம் போதாது. அதிகப் புளிப்பும் குறைந்த ஆல்கஹாலும் சேர்ந்தாலே நாக்கு அதை உப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

இருபது ஆண்டு காத்திருக்கும் ஒயினுக்கு முதலீடு போடுபவன் இருபது ஆண்டு வட்டியைக் கணக்குப் பார்ப்பான். பக்கத்து மணலிலோ வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1904இல் சிந்த்ராவிலிருந்து கொலாரிஷ் வழியாக பிராயா தஷ் மசாஷ் கடற்கரைக்கு டிராம் வந்தது. கோடையில் கடலோரம் தங்கும் வழக்கம் லிஸ்பனின் வசதியான குடும்பங்களிடம் பரவியது. செங்குத்துப் பாறையில் தொங்கும் அசென்யாஷ் து மார் கிராமம் படம் எடுக்கத் தக்க இடமாயிற்று. கோடை வீடு கட்ட எது நல்ல இடம்? கடலைப் பார்த்த, தோண்ட எளிதான, தண்ணீர் தேங்காத மணல். கொடிக்கு வேண்டிய அதே நிலம்தான். பூச்சிக்கு எதிராகக் காவல் நின்ற மணல், மனை வாங்க வந்தவரை இருகை நீட்டி வரவேற்றது.

உழைப்பும் அதே காலத்தில் நழுவியது. 1960களில் போர்த்துக்கேயர்கள் பெருங்கூட்டமாக பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிப் போனார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961 முதல் 1974 வரை நடந்த போர் இளைஞர்களைப் படைக்கு இழுத்தது. மிஞ்சியவர்களுக்கு லிஸ்பன் ஒரு மணிநேரப் பயணத்தில் கூலியும் சம்பளமும் தந்தது. தலையில் கூடையைக் கவிழ்த்துப் பள்ளத்தில் இறங்க யார் வருவார்கள்? பழைய கொடிகளைக் கிழவர்கள் பார்த்துக்கொண்டார்கள், புதிதாக நடுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஒவ்வொரு குடும்பத்திலும் பாகப்பிரிவினை நிலத்தை இன்னும் துண்டாக்கியது. துண்டு சிறுத்தால் விவசாயத்துக்கு உதவாது. ஒரு வீடு கட்டத் தாராளமாகப் போதும்.

கொலாரிஷ் தனித்து நின்ற உதாரணம் அல்ல. லிஸ்பனுக்கு இன்னும் அருகில், தேஜோ ஆறு கடலில் கலக்கும் கரையில் இருக்கும் கார்க்கவேலுஷும் 1908இல் எல்லை வரையப்பட்ட வட்டாரம். பிராந்தி சேர்த்துச் செறிவூட்டிய இனிப்பு ஒயின் அதன் அடையாளம். ரயிலும் புறநகரும் அதைக் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிட்டன. இப்போது ஓயிராஷ் நகராட்சி, பழைய அரசு வேளாண் ஆய்வுப் பண்ணையில் மிச்சமிருந்த நிலத்தில் தானே கொடி வளர்த்துத் தானே ஒயின் விற்கிறது. ஒரு நகராட்சி சாராய வியாபாரம் செய்வதா என்று நம்மூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் அரசு செய்யாததா என்பதும் உடனே நினைவுக்கு வரும். அங்கே நோக்கம் வருமானம் அல்ல. அந்த நிலம் தோட்டமாக இருக்கும்வரை அங்கே அடுக்குமாடி எழாது.

1986இல் போர்த்துக்கல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின் கூட்டுறவின் ஏகபோகம் சட்டப்படி தளர்ந்தது. தனியார் தாங்களே ஒயின் எடுத்துத் தங்கள் பெயரில் விற்கலாம் என்றானது. அதற்குள் விற்க வேண்டிய தோட்டமே அருகிவிட்டிருந்தது. அப்போது வந்து சேர்ந்தவர்கள் வித்தியாசமானவர்கள். மக்காவுவின் சூதாட்ட உரிம வருமானத்தில் 1988இல் தொடங்கப்பட்ட பண்பாட்டு அறக்கட்டளையான ஃபுந்தசாவ் ஓரியெந்த்தி கொலாரிஷில் தோட்டம் வாங்கிக் கொடி நட்டது. கிழக்காசியச் சூதாட்ட மேசையில் தோற்றவர்களின் பணம் அட்லாண்டிக் மணலில் ராமிஷ்குவாக முளைத்திருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், பொய்யில்லை. இன்னொருவர் போதோ ஃபொன் புருமெர். 1911இல் ரஷ்யப் பேரரசின் பால்டிக் கரையில் பிறந்த பிரபு. 1960களில் இங்கே காசல் சாந்த்தா மரியா என்ற பண்ணையை வாங்கியவர், தொண்ணூறு வயதைத் தாண்டியபிறகு அதில் திராட்சை நடத் தொடங்கி, 2016இல் 105 வயதில் இறந்தார். லாபக் கணக்குப் பார்க்கிறவர் அந்த வயதில் கொடி நடமாட்டார். வியூவா கோமெஷும் பழைய இருப்பை விற்பதோடு நிற்காமல் புதிதாக நடத் தொடங்கியிருக்கிறது.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். அறக்கட்டளை, பிரபு, நகராட்சி: வட்டிக் கணக்கு பார்க்காமல் காத்திருக்க முடிந்தவர்களே இந்தக் கரையில் கொடி நட முன்வருகிறார்கள். ஒயினின் விலை இப்போது நன்றாகவே ஏறியிருக்கிறது. கையிருப்பு குறைவு என்பதால் கூட்டுறவு தன் ஒயினை வழக்கமான 750 மில்லிலிட்டர் சீசாவில் இல்லாமல் 500 மில்லிலிட்டர் சீசாவில் அடைக்கிறது. பள்ளம் தோண்ட இப்போது எக்ஸ்கவேட்டர் இருக்கிறது, கூடைக்கு வேலை இல்லை. தட்டி கட்டவும் குலைக்கு முட்டுக்கொடுக்கவும் இன்னும் ஆள்தான் வேண்டும்.

மிச்சமிருக்கும் மணலைக் காப்பதில் ஒயின் சட்டங்களைவிட வேறொரு சட்டம் அதிகம் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். சிந்த்ரா, கஷ்காய்ஷ் கரையை 1981இல் பாதுகாக்கப்பட்ட நிலமாகவும் 1994இல் இயற்கைப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். கொலாரிஷ் தோட்டங்கள் அதற்குள் வருகின்றன. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைக் காத்தது. யார் அந்தப் பெயரில் விற்கலாம் என்று வரையறுத்தது. அந்தப் பெயர் ஒட்டியிருந்த நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்று அது சொல்லவில்லை. பூங்காச் சட்டம் கட்டடத்துக்கு வரம்பு போட்டது. கட்ட முடியாத இடத்தில் மணல் விவசாய விலைக்கு இறங்கி வரும், இறங்கினால்தான் கொடி நடுகிறவனுக்கு அது கட்டுபடியாகும். இன்று அங்கே புதிதாக நடுகிறவர்கள் பள்ளம் வெட்டும் செலவுக்கு முன்னால் விசாரிப்பது, அந்தத் துண்டு பூங்கா வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதைத்தான்.